அதிர்வை யார் சுமப்பது?

பட்டிப்பொல ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் முதலில் செய்வது, அங்கிருக்கும் பெயர்ப்பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வதுதான். இலங்கையின் ரயில் நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி. கடந்த ஏப்ரலில் நான் இறங்கியபோதும் பலகையைச் சுற்றி ஒரு கூட்டம். அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், பனிமூட்டத்துக்குள் அக்காவின் மகன் தன் காரோடு காத்திருந்தான்.

வெறுமனே கார் என்று சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான். தொண்ணூறுகளின் நடுவில் ஜப்பானில் உருவான, இரண்டு கதவுகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. அவனைவிட ஒரு வயது மூத்தது. கொழும்பில் கணினி வேலை பார்த்து, ஐந்தாண்டுகள் சீட்டுக் கட்டி வாங்கினான். எங்கள் குடும்பத்தில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் ஆள் அவன்தான். முன் இருக்கையில் அக்கா இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இப்போது முதுகு வலியோடு வாழ்கிறவர். என்னை ஏற்றிக்கொண்டு, அப்படியே நுவரெலியாவில் வைத்தியரிடம் அவரைக் காட்டிவிட்டு வருவது ஏற்பாடு. பின் இருக்கையில் முழங்கால் இரண்டையும் மோவாயில் முட்டவைத்துக்கொண்டு நான் அமர்ந்தேன்.

அம்பேவெல பக்கம் பால் பவுசர் ஒன்றுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றோம். வண்டி நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த சவுக்கு மரம் இரண்டாகத் தெரிந்தது. திறப்புக் கோவை கிலுகிலுத்தது. அக்காவின் மடியில் இருந்த மருந்துச் சீட்டு உறைகூட மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏன்டா தம்பி, இந்தக் காருக்கு என்னா காய்ச்சலா? இப்படி நடுங்குது" என்றார் அக்கா.

"காய்ச்சல் இல்லம்மா. புது எஞ்சின் மவுண்ட். யூரித்தேன் போட்டிருக்கேன்."

"தேனா?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஆனால் நுவரெலியா போய்ச் சேரும்வரை அக்கா ஒரு கையால் கதவின் கைப்பிடியையும் மறு கையால் இடுப்பையும் பிடித்தபடியே இருந்தார். அன்று இரவு மருமகனோடு பேசியதையும், அதன் பிறகு நான் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கும் நண்பர்களுக்கு: நான் கலைப்பீடத்து மாணவன்தான். ஆனால் முப்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழில், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதும் பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது.

எஞ்சின் மவுண்ட் என்பது எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் நடுவில் இருக்கும் தாங்கி. இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே இறப்பர், பார்ப்பதற்கு அவ்வளவுதான். அதற்கு மூன்று வேலைகள். எஞ்சினின் எடையைத் தாங்க வேண்டும். அக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தன் அச்சில் எதிர்ப்புறமாகப் புரளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். எஞ்சினின் நடுக்கம் உள்ளே இருப்பவருக்குப் போகாமல் விழுங்க வேண்டும். முதல் இரண்டு வேலைகளுக்கும் மவுண்ட் கெட்டியாக இருப்பது நல்லது. மூன்றாவது வேலைக்கு மிருதுவாக இருப்பது நல்லது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த மூன்றாவது வேலையை மனிதன் தாமதமாகத்தான் கண்டுகொண்டான். ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினை நேரடியாகச் சட்டத்தில் முடுக்கினார்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் போனவர் வீடு சேர்ந்த பிறகும் கை நடுங்கிக்கொண்டிருப்பார். 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை இறப்பர் தாங்கிகளில் 'மிதக்க' விட்டது. 'மிதக்கும் ஆற்றல்' என்பதே அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர். அடுத்த ஆண்டே பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் அந்த உரிமத்தை வாங்கித் தன் காரில் பயன்படுத்தியது. அதை ஊருக்கு அறிவிக்க, தண்ணீரில் மிதக்கும் அன்னப் பறவையைச் சின்னமாகப் போட்டுக்கொண்டது. விலை குறைந்த காரில் போகிறவருக்கும் நடுக்கமில்லாத பயணம் கிடைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அந்த இறப்பரின் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசில் காட்டிலிருந்து இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போன விதைகளில் முளைத்த சுமார் 1,900 நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை வேர்விட்டன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தோட்டங்கள் எழுந்தன. விடியும் முன்னே எழுந்து மரத்துக்கு மரம் பால் வெட்டியவர்களில் நம் மக்கள் எத்தனையோ பேர். யூரித்தேனுக்கு இப்படி மண்ணும் வேருமில்லை. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஒட்டோ பாயர் என்ற வேதியியலாளரும் அவர் குழுவினரும் ஆய்வுகூடத்தில் பிறப்பித்த பொலியூரித்தேன் குடும்பத்தின் பிள்ளை அது. மெத்தையின் பஞ்சும் அதே குடும்பம்தான். கல் போன்ற சில்லும் அதே குடும்பம்தான். எவ்வளவு கெட்டியாக வேண்டுமோ அவ்வளவு கெட்டியாக வார்த்துக்கொள்ளலாம். எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பழுதாகும். யூரித்தேன் அவ்வளவு எளிதில் அசையாது. கடினத்தை அளக்கும் 'ஷோர் ஏ' அளவுகோலில் தொழிற்சாலை இறப்பர் மவுண்ட் பெரும்பாலும் 50ஐ ஒட்டியிருக்கும். சந்தையில் விற்கும் யூரித்தேன் மவுண்ட்கள் 60ஐ ஒட்டித் தொடங்கி 95 வரை போகும்.

மருமகனின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் முட்டாள் அல்லன்.

"மாமா, ஹட்டன் ரோட்டுல வளைவுக்கு வளைவு அக்சிலரேட்டர விடணும், மிதிக்கணும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் முன்னால சாயும், பின்னால சாயும். மிதிச்சதும் வண்டி போகாது. எஞ்சின் புரண்டு முடிஞ்ச பிறகுதான் போகும். கியர் மாத்துறப்ப 'டொக்'குனு அடிக்கும். இப்ப பாருங்க, கால் நினைச்சா சில்லு கேக்குது."

உண்மை. எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்ட முன்சில்லு இழுவைக் காரில் இந்தப் புரளல் அதிகம். மவுண்ட் தளர்ந்தால் கியர் தண்டு ஆடும்; புகைக்குழாய் இழுபட்டு வெடிக்கும்; புறப்படும்போது சில்லுகள் தத்தித் துள்ளும். பந்தயக் காரில் இந்தத் தளர்வுக்கு இடமே இல்லை. 1967இல் ஹொலந்தின் சான்வூர்ட் களத்தில் ஜிம் கிளார்க் வென்ற லோட்டஸ் 49 காரில் மவுண்ட் என்ற பேச்சே கிடையாது. எஞ்சினே காரின் முதுகெலும்பு. முன்பக்கம் உடலும் பின்பக்கம் சில்லுகளும் எஞ்சினிலேயே முடுக்கப்பட்டிருந்தன.

மருமகனின் கனவும் ஒரு பந்தயம்தான். நுவரெலியாவின் மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934 முதல் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரத்தோடு போட்டி. நானுஓயா பக்கம் ரதெல்லவிலும் இப்படி ஒன்று உண்டு. பள்ளிப் பருவத்தில் ஒருமுறை தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று அந்தப் பந்தயத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் வெட்டிய பாதை, எங்கள் ஆட்கள் வளர்த்த செடி. கார் மட்டும் வேறு யாருடையதோ. அந்தப் பாதையில் லயத்துப் பெண் பெற்ற பிள்ளை ஒருவன் தன் சொந்தக் காரை ஓட்டிக் காட்டினால் நான்தான் முதலில் கைதட்டுவேன். ஆகவே 'இதெல்லாம் நமக்கெதற்கு' என்ற வழக்கமான புத்திமதியை நான் சொல்லப் போவதில்லை.

என் கேள்வி வேறு. எஞ்சின் உண்டாக்கும் அதிர்வு எங்கே போகிறது?

மவுண்டை மாற்றியதால் எஞ்சினின் நடுக்கம் குறைந்துவிடவில்லை. முன்பு இறப்பர் விழுங்கிய பங்கு இப்போது காரின் உடலுக்குப் போகிறது, உடலிலிருந்து இருக்கைக்கு, இருக்கையிலிருந்து அக்காவின் இடுப்புக்கு. இதைச் சிறு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் நின்று ஓடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 27 முறை அதிர்கிறது. மவுண்டின் மேல் இருக்கும் எஞ்சினுக்கு ஊஞ்சலைப் போலத் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. நல்ல இறப்பரில் அது விநாடிக்கு 12 முறை என்று வைத்துக்கொள்வோம். 27க்கும் 12க்கும் தூரம் அதிகம். அதனால் அதிர்வு உள்ளே நுழைய முடியாது. மவுண்டை நான்கு மடங்கு கெட்டியாக்கினால் அந்த ஆட்ட வேகம் இரண்டு மடங்காகி 24 ஆகும். இப்போது 24உம் 27உம் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பதைப் போல, நடுக்கம் பெருகத்தான் செய்யும். யூரித்தேன் போட்டவர்கள் ஓடும்போது குறையொன்றும் சொல்லாமல், வண்டி நிற்கும்போது மட்டும் முகம் சுளிப்பதன் காரணம் இதுதான். அதற்கு மருந்தாக, நின்று ஓடும் வேகத்தை 1,000 சுற்றுக்கு உயர்த்தி வைக்கிறார்கள். அதிர்வுக்குப் பயந்து எரிபொருளைக் கொடுக்கிறார்கள்.

அன்று இரவு அவன் பழைய மவுண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். இறப்பர் நடுவில் கிழிந்து, விளிம்பெல்லாம் வெடித்து, எண்ணெய் ஊறிக் கிடந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்த பொருள்.

"இதைக் கழற்றிவிட்டுத்தானே யூரித்தேன் போட்டாய்? இது புதிதாக இருந்த காலத்தில் இந்தக் காரை நீ ஓட்டியிருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. நான் வாங்குறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

அப்படியென்றால் அவன் யூரித்தேனை இறப்பரோடு ஒப்பிடவில்லை. செத்துப்போன இறப்பரோடு ஒப்பிட்டிருக்கிறான். பழைய காரில் எஞ்சின் 'டொக்'கென்று அடித்தால் முதல் சந்தேகம் மவுண்டின் வயதின் மேல் விழ வேண்டும். மவுண்டின் பொருள் மீது அல்ல. இதைச் சோதிப்பது எளிது. பொனட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கை இறுக்கி, ஒருவர் உள்ளே அமர்ந்து கிளட்ச்சைச் சிறிதே விடட்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று, காரின் முன்னால் ஒருபோதும் நிற்காமல், எஞ்சினைப் பார்க்கட்டும். அது இலேசாகத் தலையசைத்தால் குற்றமில்லை. ஒரு பக்கமாக எழும்பி விழுந்தால் அந்தப் பக்கத்து மவுண்டின் ஆயுள் முடிந்தது.

இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது. பழைய மவுண்டின் இறப்பருக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, யூரித்தேனை அங்கேயே உறையவிடுகிறார்கள். செலவு குறைவு. ஆனால் அந்த இடைவெளி, செய்தவன் மறந்து விட்ட ஓட்டை அல்ல. சிறு அசைவுக்கு இறப்பர் அந்த வெற்றிடத்துக்குள் தாராளமாக வளையும். பெரிய அசைவு வந்தால் சுவரில் முட்டி நிற்கும். மெல்லிய நடுக்கத்துக்கு மிருது, பலத்த இழுப்புக்குக் கெட்டி என்று ஒரே பொருளுக்கு இரண்டு குணம் கொடுப்பதே அந்த வெற்றிடந்தான். எங்கள் தோட்டத்துத் தப்பின் உள்ளே மரக்கட்டையை அடைத்துவிட்டால் தப்பு உறுதியாகத்தான் இருக்கும். அடித்தால் சத்தம் வராது.

கெட்டியும் மிருதுவும் சேர்ந்து வேண்டும் என்பது பெரிய நிறுவனங்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. 2009இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரில், காந்தப் புலத்தால் இறுகும் திரவம் நிரப்பிய மவுண்ட்களை விரும்பியவருக்குப் பூட்டிக் கொடுத்தது. வேகமாக ஓட்டும்போது இறுகும். சாதாரணமாகப் போகும்போது இளகும். ஓட்டப்பந்தயத்துக்கென்றே கார் செய்கிறவர்கள்கூட, அந்தக் கார் வீதியிலும் போகும், அதில் மனிதர் அமர்வார் என்பதை மறக்கவில்லை.

இனி பட்டிப்பொலவின் உயரத்துக்கு வருவோம். ஆயிரம் அடி ஏறினால் சாதாரண எஞ்சின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. காற்று மெலிகிறது, எரிப்பதற்கு ஒட்சிசன் குறைகிறது. 6,200 அடியில் மருமகனின் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இழந்துவிடுகிறது. யூரித்தேன் மவுண்ட் எஞ்சினுக்கு ஒரு குதிரைச் சக்தியையும் கூட்டித் தராது. இருப்பதை உடனே சில்லுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். காலைக் குளிரில் யூரித்தேன் இன்னும் விறைக்கும். ஆகவே இந்த மலையில் அது கொடுப்பது குறைவு, எடுப்பது கூடுதல்.

இங்கே என் தொழிலில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம், மேல்தளத்தில் ஆசிரியர் குழு. இரவு பத்தரைக்கு இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேசைமேல் தேநீர்க் கோப்பை இலேசாக முனகும். இயந்திரத்தின் கால்களுக்குக் கீழே தடித்த இறப்பர் மெத்தைகள் இருந்தன. அவை நைந்துபோனதும் நிர்வாகம் செலவைப் பார்த்து மரக்கட்டைகளை வைத்தது. "இப்பதான் சார் மிஷின் ஆடாம நிக்குது" என்று அச்சகத்துப் பொறுப்பாளர் பெருமைப்பட்டார். அவர் சொன்னதும் சரிதான். அச்சு முன்பைவிட நேராக விழுந்தது. ஆனால் மேலே ஒப்புநோக்குநராக இருந்த முதியவர் ஒருவருக்கு வரிகள் நடுங்கின. இரண்டு மாதத்தில் பத்திரிகையில் எழுத்துப் பிழைகள் மலிந்தன. அவருக்குக் கண் போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். கட்டையை வைத்தபோது மேல்தளத்தில் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை. பிழை வந்தபோது கட்டையை யாரும் நினைக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனார். கட்டை அங்கேயே இருந்தது.

மருமகனிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "மவுண்ட் மாற்றும்போது அம்மாவைக் கேட்டாயா?" என்றேன்.

"அம்மாவுக்கு மவுண்ட்னா என்னான்னு தெரியாதே மாமா."

"மவுண்ட் தெரியாது. முதுகு தெரியும்."

நான் நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காவின் முதுகு வலிக்கு யூரித்தேன் காரணமில்லை. கூடையின் கயிறு தலையில் இழுக்க முப்பத்தைந்து ஆண்டுகள் சரிவில் நின்றது காரணம். கொழுந்து ஏற்றும் லொறியிலும் டிரக்டரிலும் போய்வந்தது காரணம். மனிதரின் நடுவுடல் மிகவும் நோவது விநாடிக்கு நான்கு முதல் எட்டு வரையான குலுக்கலுக்கு என்று, உடல் அதிர்வை அளக்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2631 சொல்கிறது. அது குழிவிழுந்த பாதை கொடுக்கும் குலுக்கல். எஞ்சினின் 27 அதைவிட நுண்ணியது. முதுகை உடைக்காது, ஆனால் சலிக்க வைக்கும், கண்ணைக் கூசவைக்கும், ஏற்கனவே நொந்த உடம்பை இளைப்பாற விடாது. வாழ்நாளெல்லாம் குலுங்கிய ஒருவர், மகன் வாங்கிய காரிலாவது குலுங்காமல் போகலாம் என்று நினைத்தால் அது பேராசையா?

இளைஞர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் பொருளாதாரம் சரிந்தது. இருக்கிற காரை எப்படியாவது ஓட்டுவதே வழியாயிற்று. பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் வேறொரு பழைய காரில் கழற்றிய மவுண்ட். அதன் இறப்பரும் அதே வயதுடையது. புதிய அசல் மவுண்ட் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை கசக்கிறது. இந்த நிலையில் யூரித்தேன் ஒரு மோகமாக மட்டும் வரவில்லை, வழியற்றவனின் வழியாகவும் வந்தது. ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். வெளியே இருப்பவர் மூச்சுக்கு ஒரு சோதனை இருக்கிறது. உள்ளே இருப்பவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தாங்கிகளையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் பத்து நிமிடம் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு ஒன்று தனியார் கார்களுக்கும் வேண்டும். முப்பது வயதுக் கார்கள் மலைப்பாதையில் ஓடும் நாட்டில் இது அதிகப்படியான கோரிக்கை அன்று.

என் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தயத்துக்கு மட்டுமே உள்ள காரென்றால் யூரித்தேன் என்ன, இரும்பையே வைத்து முடுக்குங்கள். ஓட்டுபவர் தாமே விரும்பி ஏற்ற நடுக்கம் அது. வீட்டாரும் ஏறும் காரென்றால், முதலில் எல்லாத் தாங்கிகளையும் புதிய இறப்பரில் போட்டு ஆயிரம் கிலோமீற்றராவது ஓட்டிப் பாருங்கள். தேடிய விறுவிறுப்பு பெரும்பாலும் அதிலேயே திரும்பி வரும். அதற்கு மேலும் வேண்டுமென்றால், எடையைச் சுமக்கும் மவுண்ட்களை இறப்பராகவே விட்டுவிட்டு, எஞ்சின் புரளாமல் பிடிக்கும் ஒன்றை மட்டும் யூரித்தேனாக்குங்கள். அதிலும் 95ஐ அல்ல, 70ஐ ஒட்டிய மிருதுவானதைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பக்கத்து இருக்கையில் யார் அமர்வார் என்று யோசித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓட்டுபவர் கையில் ஸ்டியரிங் இருக்கிறது. வேகத்தின் இன்பம் அவருக்கு உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது அதிர்வு மட்டுமே.

மருமகன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் ஓடினா பதமாயிடும் மாமா, நடுக்கம் குறைஞ்சிடும்" என்றான். குறையும்தான், இறப்பரின் அளவுக்கு ஒருபோதும் வராது என்றேன். "நீங்க பத்திரிகைக்காரர், பேசி ஜெயிச்சிடுவீங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். எடை தாங்கும் இரண்டு மவுண்டையும் புதிய இறப்பரில் வரவழைத்துப் போட்டுவிட்டானாம். சம்பளத்தில் மாதாமாதம் கழிகிறதாம். புரளலைப் பிடிக்கும் ஒன்று மட்டும் யூரித்தேனாகவே இருக்கிறது. அதை மாற்ற மனம் வரவில்லை என்றான். அது அவன் உரிமை.

பிறகு பட்டிப்பொலவுக்கு அழைத்து அக்காவிடம் கேட்டேன், கார் இப்போது எப்படி இருக்கிறதென்று.

"காய்ச்சல் விட்டுருச்சு தம்பி," என்றார். "இருமல் மட்டும் கொஞ்சம் இருக்கு."